வெற்றுச் சோதனை நீலமானபோது

ஒடுக்க உலையை எப்படி இயக்குவது, எந்த வாயுவை முதலில் திறப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொன்னால் கையேட்டில் இல்லாததைத்தான் அவள் பேச வேண்டும். எனக்குப் பேசுவதற்கு ஒரு குவார்ட்ஸ் குழாய் இருக்கிறது. ஒரு முழ நீளம். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அதன் நடுவில், அதே குவார்ட்ஸில் செய்த நுண்துளைத் தட்டு ஒன்று உருக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். தூளை அந்தத் தட்டின் மேல் கொட்டுவோம். வாயு மேலிருந்து கீழே தூளின் ஊடாகவும் தட்டின் ஊடாகவும் போகும்.

வேதியியல் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் மூலக்கூறு பிளாட்டினத்தின் மேல் பட்டால் இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அந்த அணுக்கள் உலோகத்தின் மேலேயே நின்றுவிடுவதில்லை. உலோகத்தைத் தாங்கும் ஆக்சைடின் மேல் இறங்கி, பிளாட்டினம் ஒரு துகள்கூட இல்லாத இடங்களுக்கும் போகின்றன. இதைத்தான் வழிதல் என்கிறோம். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் டங்ஸ்டன் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தூள். வெறும் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அறை வெப்பத்தில் ஒன்றும் நடக்காது. ஓர் ஓரத்தில் துளி பிளாட்டினம் பட்டிருந்தால் போதும். அங்கே நீலம் தொடங்கும். பிறகு அந்த நீலம் தானாக நகரும். உலோகம் இருந்த இடத்தைத் தாண்டி, தூள் முழுவதும் பரவும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

எங்கள் ஆய்வகம் ஈஜோக்கிலிருந்து கோல சிலாங்கூர் போகும் சாலையில், செம்பனைக் காட்டை ஒட்டி இருந்தது. பின்னறையின் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் மட்டை தட்டுப்படும். உச்சி வெயிலில்கூட அந்த அறையில் பாசி பிடித்த குளத்துக்கு அடியில் இருப்பதுபோல ஒரு வெளிச்சம். குழாய்களும் உலையும் அங்கேதான் இருந்தன.

கடலோரத்தில் எங்கள் நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலங்களுக்கு அங்கே ஹைட்ரஜன் ஏற்றுவார்கள். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. அது பற்றி எரிந்தாலும் பகலில் சுடர் தெரியாது. அதனால் குழாய் இணைப்புகளைச் சுற்றி ஒட்டுவதற்கு ஒரு டேப் தயாரித்துக்கொண்டிருந்தோம். டங்ஸ்டன் ஆக்சைடு பூசிய மஞ்சள் டேப். கசிவு இருந்தால் நீலமாக வேண்டும். அதில் சேர்க்க வேண்டிய பிளாட்டினத்துக்குத்தான் விலை அதிகம்.

லோகன் என்று எல்லோரும் கூப்பிட்ட லோகேஸ்வரன் அந்தப் பின்னறையில் வேலை பார்த்தவன். ஈஜோக் பையன். அவனுடைய அப்பா மாரிமுத்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். லோகன் மூக்குக் கண்ணாடியை ஆய்வகச் சட்டையின் நுனியால் துடைத்துத் துடைத்து அந்த நுனியே பழுப்பாகிவிட்டிருந்தது. வேலை சுத்தமாக இருக்கும். தூளில் ஈரம் தங்கக் கூடாது என்பதற்காக முதலில் வாயுவை வேகமாக விடுவான். அதை முழுக்கக் காயவைத்த பிறகு, கையாலேயே வேகத்தைக் குறைப்பான். அந்த ஒரு படியை இயந்திரத்திடம் விட மாட்டான்.

ஒரு நாள் காலை அலுமினாவின் மேல் பிளாட்டினம் ஏற்றிய மென்தூளைக் குழாயில் போட்டு, வாயுவைத் திறந்துவிட்டு, மதியச் சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாயுவில் ஹைட்ரஜன் சிறிதளவு, மீதி ஆர்கான். தனியாக விட்டுப் போவதில் ஆபத்து இல்லை. அவன்தான் திரும்பி வரவில்லை. நேரான சாலை. நல்ல வெயில். ஓரமாக நின்றிருந்த லோரியின் பின்பக்கத்தில் போய் மோதியிருந்தான். மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செய்தி வந்ததும் ஆய்வகமே எழுந்து ஓடியது. உலை தன் நேரம் முடிந்ததும் தானே அணைந்துகொண்டது. வாயு மட்டும் சிலிண்டர் காலியாகும் வரை ஓடியிருக்கிறது. காரியங்கள் முடிந்து நான் அந்த அறையைத் திறந்தபோது, வாயுவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உயரத்திலேயே திருகியபடி நின்றது. அதை மூடினேன். உதவியாளர் அஸ்மான் தூளைத் தட்டியெடுத்துவிட்டு, குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, அடுக்கில் வைத்தார். புதுக் குழாய்போலத் தெளிவாக இருந்தது.

லோகனின் வேலையைத் தர்ஷினி எடுத்துக்கொண்டாள். கலும்பாங்கிலிருந்து வந்து புஞ்சாக் ஆலாமில் வாடகை அறையில் தங்கியிருந்தவள். இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவள் செய்த முதல் வேலை வெற்றுச் சோதனை. பிளாட்டினமே சேர்க்காத டங்ஸ்டன் ஆக்சைடைக் குழாயில் போட்டு ஹைட்ரஜனைச் செலுத்துவது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மற்றச் சோதனைகளில் வரும் நீலத்துக்குப் பொருள் உண்டு.

அன்று மழை விட்டிருந்தது. தர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்து, அஸ்மான் கழுவி வைத்த அதே குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலை அணைந்தே கிடந்தது. அறையில் இருந்தது எங்கள் உடம்புச் சூடு மட்டும்தான். தூளின் அடியில் ஒரு நிழல் விழுந்ததுபோல இருந்தது. நான் முதலில் ஜன்னலில் ஆடிய மட்டையின் நிழல் என்று நினைத்தேன். நிழல் அசையவில்லை. கருத்தது. நீலமானது. புடவையின் கீழ்க்கரை தண்ணீரில் பட்டால் ஈரம் எப்படி மேலே ஏறுமோ அப்படி அது மெல்ல ஏறியது. அவசரம் இல்லை. நிற்கவும் இல்லை. மேல் விளிம்பைத் தொட்டதும் தூள் முழுக்க ஆழ்ந்த நீலமாகிக் குழாய்க்குள் உறைந்து நின்றது.

அஸ்மான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போய்விட்டார். மறுநாள், இனிமேல் அந்த அறையில் தனியாக வேலை செய்ய முடியாது என்று மரியாதையாக என்னிடம் சொன்னார்.

தர்ஷினி திரும்பவும் செய்தாள். புதுத் தூள், புது சிலிண்டர். திரும்பவும் நீலம். தூளின் மேல் காற்றுப் பட்டால் மெதுவாக மஞ்சளுக்குத் திரும்பும். ஹைட்ரஜனைத் திறந்தால் மறுபடியும் ஏறி வரும். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்தது.

ஆய்வகம் சின்னது. கேன்டீனுக்குப் பேச்சு போனது, அங்கிருந்து காவலாளிகளிடம், அவர்களிடமிருந்து ஈஜோக்குக்கு. லோகன் போன பிறகுதான் இது நடக்கிறது, அவனுடைய குழாயில்தான் நடக்கிறது என்று சொன்னார்கள். கூட்டிப் பெருக்குகிற பெண் பின்னறைக் கதவோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு காலை கதவின் கீழே யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அதை எடுத்துப் போடலாமா வேண்டாமா என்று நான் தயங்கி நின்றேன். அறிவியல் படித்தவள் என்பதால் எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு பிற்பகல் நான் மட்டும் அறையில் இருந்தேன். நீலம் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே குலை வெட்டுகிறவர்களின் சத்தம் சட்டென்று நின்றது. நான் என்னையறியாமல், “மெதுவாலா, லோகா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் இப்படிப் பயந்துகொண்டிருந்தபோது ஒருவர் மட்டும் மகிழ்ச்சியில் இருந்தார். எங்கள் ஆய்வுத் தலைவர். கெட்டிக்காரர், நல்லவர். பிளாட்டினமே இல்லாமல் தூள் நீலமாகிறது என்றால் டேப்பில் பிளாட்டினம் எதற்கு என்று கேட்டார். எங்கள் டங்ஸ்டன் ஆக்சைடில் ஏதோ தனித்தன்மை இருக்கிறது, அது என்னவென்று பிறகு கண்டுபிடிக்கலாம், முதலில் பிளாட்டினம் இல்லாத டேப்பை ஆலையில் ஒட்டிப் பார்ப்போம் என்றார். ஆலையிலிருந்து ஆட்களை வரவழைத்து, தர்ஷினியை அவர்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லியிருந்தார். அவர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த முறை பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போதே அந்த டேப்பை ஒட்டிவிடுவார்கள்.

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆலையில் ஒரு பொறியாளர் இருந்தார். காலையில் வந்ததும் ஒரு சின்னக் குப்பியிலிருந்து எரிவாயுவை எச்சரிக்கைக் கருவியின் மூக்கில் கொஞ்சம் காட்டுவார். அது காது கிழிய அலறும். அலறிய பிறகுதான் மற்றவர்களை உள்ளே விடுவார். எல்லோரும் அவரைத் திட்டுவோம். ஒரு நாள் கருவி அலறவில்லை. அன்றைக்கு அவர் ஆலையையே திறக்கவிடவில்லை. கருவி சும்மா இருப்பதால் கசிவு இல்லை என்று ஆகிவிடாது, கருவியே செத்துப் போயிருக்கலாம் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அவருடைய முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அந்தக் குப்பி நினைவிருக்கிறது.

மஞ்சளாக இருக்கிறது, அதனால் கசிவு இல்லை என்று நம்பி ஒருவன் வெல்டிங் பொறியைப் பற்றவைப்பான். அந்த டேப் உண்மையில் நீலமாக மாறவே முடியாத டேப்பாக இருந்தால்? எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு இன்னொன்றும் உறுத்தியது. நீலம் எப்போதும் அடியிலிருந்தே ஏறியது. தூளுக்கே அந்தச் சக்தி இருந்தால் அது எல்லா இடத்திலும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். அல்லது ஹைட்ரஜன் முதலில் படுகிற மேற்பக்கத்தில் தொடங்க வேண்டும். இது தூள் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் தொடங்கி மேலே வந்தது.

ஆலை ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், தர்ஷினி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பெட்டியிலிருந்து புதுக் குழாய் ஒன்றைப் பிரித்தேன். அவளுடைய தூளையே போட்டு ஹைட்ரஜனைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். மஞ்சள். காத்திருந்தேன். மஞ்சள்தான். அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதும் அது மஞ்சளாகவே இருந்தது. அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

“நீ புது டியூப்ல போட்டுப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேன்கா. வரல.”

“எப்ப?”

“மொதல் வாரமே.”

“ஏம்மா சொல்லல?”

அவள் பழைய குழாயை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “சொன்னா இத எடுத்துருவீங்க.”

நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளை இழந்திருப்போம், உண்மையையும் சேர்த்து இழந்திருப்போம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உங்களுக்கு எதிரே நிற்பவர் பொய் சொல்லியிருப்பார், ஆனால் பொய்க்காரராக இருக்க மாட்டார். அப்போது கொஞ்சம் பொறுங்கள். நான் அவளிடம் ஆலையைப் பற்றி மட்டும் பேசினேன். குழாய் இணைப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்கிறவன், டேப்பை நிமிர்ந்து பார்த்து மஞ்சள்தான் என்று நினைத்துக்கொள்வானே, அவனைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பழைய குழாயை மேசையில் வைத்துவிட்டு, “நானே சொல்றேன்கா” என்றாள்.

அன்று பிற்பகலே இருவரும் சேர்ந்து இன்னொரு சோதனை செய்தோம். பழைய குழாயின் தட்டுக்கு மேல் குவார்ட்ஸ் பஞ்சைத் தடிமனாக அடைத்து, அதற்கு மேல் தூளைப் போட்டோம். தூள் தட்டைத் தொடவில்லை. நீலம் வரவில்லை. பஞ்சை எடுத்துவிட்டுத் தூளைத் தட்டின் மேலேயே கொட்டினோம். நீலம் ஏறி வந்தது. பிளாட்டினம் தட்டுக்குள் இருந்தது. எப்படிப் போயிருக்கும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அன்று லோகன் திரும்பி வந்து குறைக்க வேண்டிய வாயு, குறைக்க ஆளில்லாமல் அதே வேகத்தில் ஓடி, பிளாட்டினம் ஏறிய மென்தூளைத் தட்டின் துளைகளுக்குள் அழுத்தித் திணித்திருக்கிறது. உலையின் சூட்டில் அது அங்கேயே பிடித்துக்கொண்டது. சோப்பும் தூரிகையும் அதைத் தொட முடியாது. கண்ணுக்கும் தெரியாது.

மறுநாள் ஆலை ஆட்கள் முன்னால் தர்ஷினி இரண்டு குழாய்களை ஒன்றாக நிறுத்தினாள். ஒன்று நீலமானது. மற்றது ஆகவில்லை. எது ஏன் என்று தடுமாறாமல் விளக்கினாள். முதல் வாரமே தனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதை அவள் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்கவும் இல்லை. தலைவரின் முகம் சிவந்து போனது. ஆட்களை வழியனுப்பிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வந்து, டேப்பில் பிளாட்டினம் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தர்ஷினி வேலையில் நீடித்தாள். பிறகு அவளைப் பற்றி என்னிடம் அவர் ஒரு நாளும் குறைவாகப் பேசியதில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன். வெற்றுச் சோதனை கெட்டுப் போகும், காரணம் கண்டுபிடிப்போம், அது நம் தொழிலில் நடப்பதுதான்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை, வாசலில் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்து நின்றது. காவலாளி என்னைக் கூப்பிட்டார். மாரிமுத்து நின்றுகொண்டிருந்தார். சாவுக்குப் போனபோது பார்த்த மனிதர்தான், பாதியாக இளைத்திருந்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு பேசினார்.

கோயிலில் பேசிக்கொள்கிறார்களாம், பையன் இங்கேதான் இருக்கிறான், கண்ணாடிக்குள் நீலமாக வருகிறான் என்று. வீட்டில் மனைவி அதைக் கேட்டதிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டாராம். ஆலைக்குக் குலை கொண்டு போகிற வழியில், கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

“பொய்யின்னா பொய்யின்னு சொல்லுங்கம்மா. போயி அவகிட்ட சொல்லிடுறேன்.”

பொய் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். விதிப்படி வெளியாட்களை உள்ளே விடவும் கூடாது. ஆனால் அந்த நீலத்தை நாங்கள் அத்தனை பேர் பார்த்திருக்கிறோம். பொய் என்று சொன்னால் பார்த்த ஒருவர் போய் அவரிடம் உண்டு என்பார். பிறகு அவர் யாரையும் நம்ப முடியாது. நான் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக லோரியைப் பார்த்தார். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து அழைத்துப் போகச் சொன்னார்.

பின்னறையில் தர்ஷினி இருந்தாள். இவர் யார் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றாள். அவருக்கு அவளைத் தெரியாது. “நீங்க அவங்கூட வேலை செஞ்சவங்களா?” என்று கேட்டார். “ஆமா அங்கிள்” என்றாள். அவ்வளவுதான். பழைய குழாயில் மஞ்சள் தூளைக் கொட்டி, ஹைட்ரஜனைத் திறந்தாள்.

ஜன்னலில் மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. நீலம் அடியில் தோன்றி ஏறத் தொடங்கியது. மாரிமுத்து குனிந்தார். முகம் குழாய்க்கு மிக அருகில் போனது. விரலை நீட்டி, தொடலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். நீலம் இருந்த இடத்தில் கண்ணாடியின் மேல் விரலை வைத்தார்.

“சூடே இல்லியே.”

“இல்லண்ணே. தீ மூட்டவே இல்ல.”

“அப்ப அவந்தான் செய்றானா?”

“அவரு வச்சுட்டுப் போனது செய்யுதுண்ணே. அவரு இல்ல” என்றேன். பிறகு அன்று காலை நடந்ததை அவருக்குப் புரியும்படி சொன்னேன். உள்ளே என்ன தூள் இருந்தது, வாயுவை ஏன் வேகமாக விட்டான், யாரும் குறைக்காததால் தூள் எப்படித் தட்டுக்குள் போய்ச் சிக்கியது என்பதைச் சொன்னேன். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“கொறைக்கிறது யாரு செய்யணும்?”

“அவருதான் கையால செய்வாரு. சாப்பாடு வாங்கிட்டு வந்து.”

அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் அந்த மனிதர் எதற்காக வந்தார் என்பது எனக்குப் புரிந்தது. விபத்து நடந்த அன்று காலை வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. யாரையோ கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவன் கேட்டிருக்கிறான். இவரோ, பெண் யார் என்றுகூடக் கேட்காமல் கத்தியிருக்கிறார். அவன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். நேரான சாலை, நல்ல வெயில், நிற்கிற லோரி. வேண்டுமென்றே போய் மோதினான் என்று ஈஜோக்கில் ஒரு பேச்சு. இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“திரும்பி வரணும்னு நெனச்சிட்டுதான் போனானாம்மா?”

உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம் இதுதான். ஆமாம் என்று ஓங்கிச் சொல்ல என் மனம் துடித்தது. அந்த மனிதர் அதற்காகவே நின்றுகொண்டிருந்தார். ஆனால் சாலையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குழாய்க்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால், என்றாவது ஒரு நாள் அதே கேள்வி அவருக்குத் திரும்ப வரும். அப்போது என் பதில் தாங்காது. தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“அந்தக் குமிழு ஒசரத்துல இருந்ததுண்ணே. நாந்தான் அப்புறம் வந்து மூடுனேன். அப்படி வச்சுட்டுப் போறவரு, வந்து கொறைக்கணும்னு தெரிஞ்சுதான் வச்சிருப்பாரு. சாலையில நடந்தது எனக்குத் தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அப்போது தர்ஷினி பேசினாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தபடி பேசினாள்.

“எனக்கும் சேத்துதான் சாப்பாடு வாங்கப் போனாரு, அங்கிள். சம்பல் வேணாம்னு சொல்லி விட்டேன். நாளைக்கு அப்பாகிட்ட மறுபடி பேசுறேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

இதை அவள் எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மாரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை எதைப் பற்றியது என்பது அவருக்கு இப்போது முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கையிலிருந்த தொப்பி கசங்கியது. குழாயில் நீலம் மேல் விளிம்புக்கு வந்து நின்றுவிட்டது. அவர் மறுபடியும் அதைப் பார்த்தார்.

“இது எப்ப வரைக்கும் வரும்?” என்று என்னைக் கேட்டார்.

அமிலத்தில் ஊற வைத்தால் உள்ளே இருப்பது கரைந்து போய்விடும், அதுவரை வந்துகொண்டே இருக்கும் என்றேன். வேண்டுமென்றால் கழுவாமல் வைத்திருக்கலாம், இந்தக் குழாயை வேறு யாரும் எடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் யோசித்தார். பிறகு தர்ஷினியிடம்தான் சொன்னார்.

“கழுவிடுங்கம்மா. வேலை செஞ்சது போதும் அவன்.”

வாசல் வரை அவளும் கூடப் போனாள். லோரியின் பக்கத்தில் நின்று இருவரும் கொஞ்சம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஈஜோக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனாள் என்பது பிறகு தெரிந்தது. லோகனின் அம்மா பேசத் தொடங்கிவிட்டாராம்.

குழாயை இராஜ திராவகத்தில் ஊற வைத்தோம். திராவகத்தில் ஏதாவது நிறம் தெரிகிறதா என்று தர்ஷினி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒன்றும் இல்லை. அந்த அளவுதான் இத்தனையும் செய்திருக்கிறது. திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அஸ்மான் அன்று தானாகவே அறைக்குள் வந்து உலர்த்தும் வேலையை எடுத்துக்கொண்டார். குழாயைத் துணியில் சுற்றித் தர்ஷினியின் கையில் கொடுத்தார்.

குழாய் சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வெற்றுச் சோதனை. அவள் மஞ்சள் தூளைக் கொட்டினாள். ஹைட்ரஜனைத் திறந்தாள். நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம்.

அடியில் ஒன்றும் வரவில்லை. தூள் கொட்டியபடியே கிடந்தது. போதுமான நேரம் ஆனதும் அஸ்மான் மெதுவாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். முடிவைப் பதிவு செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். குழாய் சுத்தம். நாளையிலிருந்து யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

“இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரேன்கா” என்றாள் தர்ஷினி.

நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழாயின் எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் கதவைச் சாத்தாமல் வெளியே வந்தேன். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்துகொண்டிருந்தாள். தூள் மஞ்சளாக இருந்தது.